தந்தியில் இல்லாத கனவு: வாராட்டா கப்பல் காணாமல்போன கதை

ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் தவறாது. ஒன்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது. மற்றது மத்தி வருகிறதா என்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரைவலை இழுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ஜூன், ஜூலை மாதங்களில் குளிர்ந்த தண்ணீரோடு மத்திக் கூட்டம் தெற்கிலிருந்து கரையை ஒட்டி ஏறி வரும். விடிவதற்கு முன்பே மணலில் ஆள் நிற்க வேண்டும். சின்ன வயதில் நானும் தாத்தாவோடு போய் நின்றிருக்கிறேன். கிளம்பும்போது ஆயா ஒரே ஒரு புத்திமதி சொல்லித்தான் அனுப்புவார்.

"கடல்ல வெளிச்சம் மினுங்கினா பதிலுக்கு டார்ச் அடிக்காத கண்ணு. அது வாராட்டா. ஆள் கூப்பிடும்."

ஆயா சொன்ன கதை இதுதான். ரொம்ப காலத்துக்கு முன்னால், சீனிக் கரும்பு வெட்ட நம் ஆட்கள் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு பெரிய வெள்ளைக்காரக் கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் வந்த ஒருவனுக்குக் கனவில் வாள் பிடித்த ஒருத்தர் தெரிந்தார். இன்னொரு கையில் ரத்தம் தோய்ந்த துணி. மூன்று முறை அதே கனவு. பயந்துபோன அந்த ஆள் டர்பனிலேயே இறங்கிவிட்டான். கப்பல் போனது, போனதுதான். வாளோடு வந்தவர் யார் என்று கேட்டால் ஆயா சந்தேகமே இல்லாமல் சொல்வார்: "முனீஸ்வரன். வேற யாரு? துறைமுகத்துக்குக் காவல் அவர்தானே."

பல வருடங்கள் கழித்து அந்தக் கப்பலைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு முதலில் கிடைத்த அதிர்ச்சி, ஆயாவின் கதை பெரும்பாலும் உண்மை என்பதுதான். கனவு கண்ட ஆள் உண்மை, வாள் உண்மை, ரத்தத் துணி உண்மை. முனீஸ்வரன் மட்டும்தான் எங்கள் வீட்டில் சேர்ந்தது. இரண்டாவது அதிர்ச்சி, அந்தக் கதையில் ஒரு முக்கியமான பாதி விடுபட்டிருந்தது. இந்த ஆய்வு அந்த விடுபட்ட பாதியைப் பற்றியது.

கப்பலும் கடைசி இரண்டு நாளும்

வாராட்டா என்பது ஆஸ்திரேலியாவின் ஒரு சிவப்புப் பூவின் பெயர். லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்ல புளூ ஆங்கர் லைன் நிறுவனத்துக்காகக் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கட்டிய கப்பல் அது. 1908 செப்டம்பரில் கடலில் இறக்கினார்கள். கொள்ளளவுக் கணக்கில் 9,339 டன். மேலே மூன்று அடுக்கு மேல்தளங்கள். கம்பியில்லாத் தந்திக் கருவி கிடையாது. அந்த நாளில் அது கட்டாயமும் இல்லை.

முதல் பயணம் 1908 நவம்பரில் கிளம்பி நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது பயணத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வரும்போது, 1909 ஜூலை 25 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. மறுநாள் 26 இரவு கேப் டவுனை நோக்கிக் கிளம்பியது. கேப்டன் ஜோசையா இல்பெரி நிறுவனத்தின் மூத்த மாலுமி. கப்பலில் 211 பேர்: பயணிகள் 92, ஊழியர்கள் 119.

27 காலையில் கிளான் மெக்கின்டையர் என்ற சரக்குக் கப்பலை வாராட்டா பின்னாலிருந்து வந்து முந்திப் போனது. இரண்டும் சைகையில் பேசிக்கொண்டன. பெயர், ஊர், வானிலை, கடைசியில் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்ற வழக்கமான வாழ்த்து. காலை ஒன்பதரை மணியளவில் வாராட்டா அடிவானத்தில் மறைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கப்பலை ஐயமில்லாமல் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அடுத்த நாள், 28ஆம் தேதி, கிளான் மெக்கின்டையர் மாட்டிய புயல் அந்தக் கப்பலில் இருந்தவர்களே அந்தக் கரையில் கண்டிராத அளவுக்குக் கொடுமையாக இருந்தது.

29ஆம் தேதி கேப் டவுனில் வந்திருக்க வேண்டிய கப்பல் வரவில்லை. முதலில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும், வரும் என்றார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த் தேடின. அப்புறம் சபைன் என்ற கப்பல் ஏறக்குறைய மூன்று மாதம் தென்கடலைச் சல்லடை போட்டுச் சலித்தது. 1910இல் வேக்ஃபீல்ட் என்ற கப்பல் இன்னொரு முறை போனது. ஒரு பலகை, ஒரு படகு, ஒரு நாற்காலி கூடக் கிடைக்கவில்லை. டிசம்பர் 1909இலேயே லண்டனின் கப்பல் காப்பீட்டு அமைப்பான லாய்ட்ஸ் அதைக் காணாமல்போன கப்பல் என்று அறிவித்துவிட்டது.

வெளிச்சம் பார்த்தவர்கள்

பேய்க்கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

27 மாலை, ஹார்லோ என்ற கப்பல் இன்றைய போர்ட் செயின்ட் ஜான்ஸுக்கு அருகே கேப் ஹெர்மிஸ் பக்கம் வந்துகொண்டிருந்தது. தங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கப்பலின் புகையும் விளக்குகளும் தெரிந்ததாகவும், எட்டு மணி வாக்கில் இரண்டு பெரிய தீப்பிழம்புகள் மேலே எழுந்ததாகவும், அதன் பிறகு விளக்குகளைக் காணவில்லை என்றும் அதன் கேப்டன் சொன்னார். கரையில் யாரோ புல்லுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்றுதான் அப்போது நினைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தக் கரையில் காய்ந்த புல்லை எரிப்பது இன்றும் வழக்கம், நானே பார்த்திருக்கிறேன்.

அதே இரவு பத்து மணிக்குச் சற்று முன், ஈஸ்ட் லண்டனுக்கு அருகே குவெல்ஃப் என்ற கப்பல் எதிரே போன ஒரு கப்பலோடு விளக்குச் சைகை பரிமாறியது. எதிர்க் கப்பலின் பெயரை முழுதாகப் படிக்க முடியவில்லை. கடைசி மூன்று எழுத்து மட்டும் புரிந்தது: டி, ஏ, ஹெச். ஆங்கிலத்தில் வாராட்டாவின் பெயரும் இந்த மூன்றில்தான் முடிகிறது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆயாவின் "டார்ச் அடிக்காத" எங்கிருந்து முளைத்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இருட்டில் பெயர் சொல்லி முடிக்காத ஒரு கப்பல். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களும் மீன் பிடித்தவர்களும் அந்த மூன்று எழுத்தை எத்தனை ராத்திரி பேசியிருப்பார்கள்!

ஆனால் வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். போர்ட் செயின்ட் ஜான்ஸுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவே நூறு கடல்மைலுக்கு மேல் இருக்கிறது. எட்டு மணிக்கு அங்கே தீப்பிடித்த கப்பல் பத்து மணிக்கு இங்கே விளக்குக் காட்ட முடியாது. ஹார்லோ பார்த்தது வாராட்டா என்றால் குவெல்ஃப் பார்த்தது வேறு கப்பல். குவெல்ஃப் சொன்னது சரி என்றால் ஹார்லோ பார்த்தது புல் தீ. குவெல்ஃபின் சாட்சியத்திலும் ஒரு இடறல் இருக்கிறது: காலை ஒன்பதரைக்கே கிளான் மெக்கின்டையரின் கண்ணிலிருந்து மறைந்த கப்பல், அதே வேகத்தில் போயிருந்தால் பிற்பகலிலேயே ஈஸ்ட் லண்டனைத் தாண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு சாட்சி, பல ஆண்டு கழித்து வெளியே வந்தது. 28ஆம் தேதி, போர்ட் செயின்ட் ஜான்ஸுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவே உள்ள கோரா ஆற்று முகத்துவாரத்தில் பயிற்சியில் இருந்த ஜோ காங்க்வர் என்ற குதிரைப்படை வீரர், தொலைநோக்கியில் ஒரு பெரிய கப்பல் அலையில் புரண்டு சாய்ந்ததையும், அது நிமிர்வதற்குள் அடுத்த அலை வந்ததையும், பிறகு கடல் வெறுமையாகக் கிடந்ததையும் பார்த்ததாகச் சொன்னார். அது வாராட்டாதான் என்றால் கப்பல் டர்பன் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எனக்கு இந்தச் சாட்சியை ஒதுக்க மனமில்லை. அதே சமயம், இத்தனை வருடம் கழித்துச் சொல்லப்பட்ட ஒன்றின் மேல் முழு பாரத்தையும் ஏற்ற மாட்டேன்.

ஆகஸ்டில் இரண்டு கப்பல்கள் கடலில் உடல்கள் மிதந்ததாகச் சொன்னன. டாட்டன்ஹாம் என்ற கப்பலின் மாலுமிகள் சிவப்பு அங்கி போட்ட ஒரு சிறுமியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரு உடலும் மேலே எடுக்கப்படவில்லை. திமிங்கிலக் கழிவாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. டர்பன் ப்ளஃப் முனையில் திமிங்கில வேட்டை 1908இல்தான் தொடங்கியிருந்தது. அந்தச் சிறுமியை மட்டும் இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. என் பெரியம்மா இன்றைக்கும் சிவப்புச் சட்டை போட்ட பிள்ளையை மாலையில் தண்ணீரில் இறங்க விடமாட்டார். காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது.

குளியல்தொட்டியில் நின்ற தண்ணீர்

1910 டிசம்பரில் லண்டன் கேக்ஸ்டன் ஹாலில் விசாரணை தொடங்கியது. 1911 பிப்ரவரியில் முடிந்தது. கப்பல் இல்லை, பிணம் இல்லை, பலகை இல்லை. ஆகவே விசாரித்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்தக் கப்பல் கடலில் எப்படி நடந்துகொண்டது?

சாட்சிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். நல்ல கப்பல், சுகமான கப்பல் என்றார்கள் பாதிப் பேர். சாய்ந்தால் எழவே மாட்டேன் என்றது, பயமாக இருந்தது என்றார்கள் மீதிப் பேர்.

பயந்தவர்களில் ஒருவர் சாதாரண ஆள் இல்லை. வில்லியம் பிராக், அடிலெய்டில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1915இல் மகனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கப் போகிறவர். வாராட்டாவின் முதல் பயணத்தில் அடிலெய்டிலிருந்து இங்கிலாந்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். தென்கடலில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டதை அவர் கவனித்தார். எப்படிக் கவனித்தார் தெரியுமா? குளியல்தொட்டியில் தண்ணீர் வடியவில்லை. அடைப்பான் எடுத்தாகிவிட்டது, ஓட்டை திறந்திருக்கிறது. ஆனால் தொட்டியே சாய்ந்து கிடப்பதால் தண்ணீர் ஓட்டை இல்லாத மூலையில் ஒதுங்கி அப்படியே நிற்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இல்லை. பல மணி நேரம். பிறகு கப்பல் மெல்ல எழுந்து நேராகி, அதோடு நிற்காமல் மறுபக்கம் சாய்ந்து அங்கே நின்றுகொண்டது.

இதன் கணக்கு என்ன? தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடப்பவரையும் இடுப்பில் வைத்து நடப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கால் இடறினால் இடுப்பில் குடம் வைத்தவர் வெடுக்கென்று நிமிர்ந்துவிடுவார். தலையில் வைத்தவரோ மெதுவாக ஆடுவார், மெதுவாகச் சாய்வார், ஒரு அளவுக்கு மேல் போனால் திரும்ப மாட்டார். ஒவ்வொரு கப்பலுக்கும் மெட்டாசென்டர் என்று ஒரு புள்ளி உண்டு. கப்பல் சாயும்போது தண்ணீர் அதைத் தாங்கித் திருப்பி நிறுத்தும் பலம் அந்தப் புள்ளியின் உயரத்தில் இருக்கிறது. கப்பலின் எடைமையம் அந்தப் புள்ளிக்குக் கீழே, நன்றாகக் கீழே இருக்க வேண்டும். வாராட்டாவில் எடைமையம் அதற்குச் சற்று மேலே இருந்தது, அதனால்தான் நேராக நிற்க முடியாமல் ஒரு சாய்வில் போய் உட்கார்ந்துகொண்டது என்பது பிராக் வந்து சேர்ந்த முடிவு.

சாட்சிகள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள் என்பதும் எனக்கு இதிலேயே விளங்கிவிட்டது. தலைக்கனமான கப்பல், அதாவது மேல்பக்கம் கனம் கூடிய கப்பல், மெதுவாக, நீளமாக ஆடும். தூளி போல இருக்கும். பயணிக்கு அது சுகம், வாந்தி வராது. அடிக்கனமான கப்பல்தான் வெடுக் வெடுக்கென்று குலுக்கி ஆளைப் படுத்தும். ஆகவே சுகம் என்றவர்களும் பயம் என்றவர்களும் ஒரே ஆட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தூளியில் படுத்ததுபோல் சுகம் கண்டார், இன்னொருவர் தொட்டித் தண்ணீரைப் பார்த்தார்.

ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். சரக்கையும் நிலக்கரியையும் எங்கே எவ்வளவு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே கப்பலின் நிலை பயணத்துக்குப் பயணம் மாறும். முதல் பயணத்தில் பிராக் பார்த்தது இரண்டாம் பயணத்துக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. விசாரணை மன்றமும் மிகக் கடுமையான புயலில் கப்பல் கவிழ்ந்திருக்க வேண்டும் என்ற அளவில்தான் நின்றது.

கனவு கண்டவர்

இப்போது ஆயாவின் ஆளுக்கு வருகிறேன். பெயர் கிளாட் சாயர். பொறியாளர், கம்பெனி இயக்குநர், பலமுறை கடல் கடந்தவர். கேப் டவுன் வரை டிக்கெட் வைத்திருந்தும் டர்பனில் இறங்கிவிட்டார்.

விசாரணையில் அவர் சொன்ன கனவு எங்கள் வீட்டுக் கதையேதான். இதுவரை பார்த்திராத விசித்திர உடையில் ஒருவன். வலது கையில் நீண்ட வாள். மற்றக் கையில் ரத்தம் தோய்ந்த துணி. மூன்று முறை வந்தது. விசித்திர உடை, வாள், ரத்தம் என்றால் நம் ஊர்க் காதுக்கு யார் நினைவு வரும்? டர்பனில் ஒவ்வொரு பழைய வீட்டுக் கொல்லையிலும் முனீஸ்வரனோ மதுரை வீரனோ நின்ற காலம் அது. ஆயாவின் தலைமுறைக்கு அந்த உருவத்தை அடையாளம் காண ஒரு நொடிகூடத் தேவைப்பட்டிருக்காது.

இறங்கிய பிறகும் சாயருக்கு ஒரு கனவு வந்தது, 28ஆம் தேதி. வாராட்டா பெரிய அலைகளுக்கு நடுவே போகிறது. ஒரு அலை முன்பக்கம் ஏறி அமுக்குகிறது. கப்பல் வலது பக்கம் புரண்டு மறைகிறது.

மெய் சிலிர்க்கும் சாட்சியம்தான். ஆனால் அதே ஆள் அதே மன்றத்தில் கனவுக்கு முன்னால் நிறையப் பேசியிருக்கிறார், அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. கப்பல் எப்படி நீளமாகச் சாய்ந்தது, சாய்ந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றது, எப்படி வெட்டி இழுத்து எழுந்தது, பயணிகள் எப்படி விழுந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். எப்ஸ்வொர்த் என்ற வழக்கறிஞர் உடன் பயணித்தார், முன்பு கடலில் வேலை பார்த்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போய் முன்பக்கம் அலையில் எப்படி மூழ்கி எழுகிறது என்று காட்டியிருக்கிறார். கனவையும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறார்.

இதில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது ஒரு தந்தி. டர்பனில் இறங்கியதும் சாயர் லண்டனில் இருந்த மனைவிக்குத் தந்தி அடித்தார். கேப் டவுனுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், வாராட்டா தலைக்கனமாக இருப்பதாக நினைத்தேன், டர்பனில் இறங்கிவிட்டேன் என்ற அளவில் அதன் செய்தி. கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த வழக்கில் கப்பல் மூழ்குவதற்கு முன் ஒருவர் எழுத்தில் கொடுத்த எச்சரிக்கை அந்தத் தந்தி. மற்றவை எல்லாம், வாள், துணி, அலை எல்லாம், கப்பல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு மன்றத்தில் ஏறியவை. சாயர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மனைவியைக் கலங்க வைக்க வேண்டாம் என்று கனவை விட்டிருக்கலாம். சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டிய தந்தியில் கனவுக்கு இடமும் இல்லாமல் போயிருக்கலாம். இருந்தாலும், எதற்காக இறங்கினாய் என்று கேட்டால் எண்ணி எடுத்து எழுதிய சில சொற்களில் அவர் வைத்த காரணம் தலைக்கனம்.

கனவையும் நான் தள்ளிவிட மாட்டேன். பல நாட்களாகக் கால்வழி ஏறிய பயம் அது. பகல் முழுக்கத் தளத்தில் நின்று, நிமிரத் தயங்கும் கப்பலை உடம்பால் உணர்ந்த மனிதனுக்கு ராத்திரியில் எச்சரிக்கை உருவம் எடுத்து வருவதில் எனக்கு வியப்பில்லை. கரைவலைக்காரர்களுக்கும் இது தெரியும். கடல் கெடப் போகிற ராத்திரி தாத்தா தூக்கத்தில் உளறுவார்.

அந்தக் கரையில் அலை

கப்பல் தலைக்கனம் என்பதோடு வழக்கு முடியவில்லை. அது எந்தக் கடலில் போனது என்பதும் சேர வேண்டும்.

டர்பனுக்குத் தெற்கே வைல்ட் கோஸ்ட் என்று சொல்லும் கரை நெடுக அகுலாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. சில இடங்களில் மணிக்கு நாலைந்து கடல்மைல் வேகம். தெற்கே போகும் கப்பல்கள் அந்த ஓட்டத்தில் ஏறிக்கொண்டால் நேரமும் நிலக்கரியும் மிச்சம். ஆழ்கடல் சட்டென்று விழும் விளிம்பை ஒட்டித்தான் ஓட்டம் வலுவாக இருக்கும், ஆகவே கப்பல்களும் அந்த விளிம்பில்தான் போகும். குளிர்காலத்தில் முதலில் வடகிழக்குக் காற்று அடித்து அந்த ஓட்டத்துக்கு மேலும் வேகம் கொடுக்கும். பிறகு காற்றழுத்தம் இறங்கும். திடீரென்று காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து பேய் போல வரும். அண்டார்டிக் பக்கத்திலிருந்து புறப்பட்ட பெரிய அலைகள் எதிரே ஓடிவரும் நீரோட்டத்தில் மோதும்போது நீளம் சுருங்கி உயரம் ஏறும். அலையின் முன்பக்கம் சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அதற்கு முன்னால் ஒரு நீண்ட பள்ளம் விழும். கப்பல் அந்தப் பள்ளத்தில் தலைகுப்புற இறங்கும்போது சுவர் அதன் மேல் விழும்.

1970களில் கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாலரி இப்படிப்பட்ட அலைகள் கப்பல்களை அடித்த இடங்களைக் குறித்து ஆராய்ந்தார். அவை அந்த விளிம்பை ஒட்டியே விழுந்தன. இன்று கடல் வரைபடத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள்: 20 மீட்டர் வரை உயரும் அலைகள், முன்னால் ஆழப் பள்ளம். தென்மேற்குக் காற்று வரும் அறிகுறி தெரிந்தால் விளிம்பை விட்டுக் கரைப்பக்கம் ஒதுங்கு என்பது இப்போது மாலுமிகளுக்குப் பாடம். 1968 ஜூனில் வேர்ல்ட் குளோரி என்ற எண்ணெய்க் கப்பல் டர்பனுக்கு அப்பால் அலையில் இரண்டாக முறிந்தது. 1909இல் கேப்டன் இல்பெரிக்கு இந்த எச்சரிக்கையைச் சொல்ல வரைபடமும் இல்லை, வானொலியும் இல்லை.

இந்தக் கரை நம் ஊர்க் கடலோடும் தொடர்புள்ளது. 1782இல் திருகோணமலையிலிருந்து கிளம்பிய க்ரோவ்னர் என்ற கும்பெனிக் கப்பல் ஆகஸ்ட் 4 அன்று இதே கரையில், பாண்டோலாந்துப் பகுதிப் பாறையில் மோதி உடைந்தது. 1991இல் ஓஷனோஸ் என்ற உல்லாசக் கப்பல் காஃபி பே அருகே மூழ்கியதும் ஆகஸ்ட் 4தான். தேதி ஒன்றாக இருப்பதை வைத்துச் சாபம் என்று பேசுவோர் இங்கே உண்டு. தென்மேற்குப் புயல்கள் வலுக்கும் பருவம் அது, அவ்வளவுதான். ஓஷனோஸில் இருந்த 571 பேரையும் ஹெலிகாப்டர்களும் மற்றக் கப்பல்களும் காப்பாற்றிவிட்டன. அது சாய்ந்து மூழ்குவதைத் தொலைக்காட்சியில் வீடே உட்கார்ந்து பார்த்தோம். தாத்தா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

தேடியவர்கள்

எம்லின் பிரவுன் என்பவர் 22 ஆண்டுகள் இந்தக் கப்பலைத் தேடினார். 1999இல் ஒலியலைக் கருவியில் கடலடியில் ஒரு உருவம் தெரிந்தது, வாராட்டா கிடைத்துவிட்டது என்று உலகமெல்லாம் செய்தி பறந்தது. 2001இல் கீழே இறங்கிப் பார்த்தால் அது இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட நெய்ல்சீ மெடோ என்ற சரக்குக் கப்பல். 2004இல் இனி எங்கே தேடுவது என்று தெரியவில்லை என்று சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். அந்த மனிதருக்காக எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

என் முடிவை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தலைக்கனமாக நடந்துகொண்ட கப்பல், 27 இரவுக்கும் 28ஆம் தேதிக்கும் இடையே, நீரோட்ட விளிம்பில், எதிர்ப்புயலில் எழுந்த அலையில் கவிழ்ந்தது. கவிழ்ந்த வேகத்தில் தளத்திலிருந்த எல்லாமே கப்பலோடு உள்ளே போயிருக்கும், அதனால்தான் மிதக்க ஒன்றும் மிஞ்சவில்லை. குவெல்ஃப் பார்த்த மூன்று எழுத்தை மட்டும் என்னால் எங்கேயும் பொருத்த முடியவில்லை. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

போன ஆடியில் அக்காள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். குளியல்தொட்டியில் தொடங்கினேன். பெரியவள் ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தாள். சின்னவன் கேட்டது ஒன்றுதான்: "அந்த எப்ஸ்வொர்த் தாத்தாவுக்கும் கப்பல் ஆடுறது தெரியும்ல சித்தி? அவரு ஏன் இறங்கலை?" அவர் கப்பலிலேயே இருந்துவிட்டார் என்றேன். வேறு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் விடிகாலை மாமாவோடு கரைக்குப் போனோம். இரண்டு நாளாக வடகிழக்குக் காற்று வீசி அன்றைக்கு ஓய்ந்திருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. தொலைவில் பறவைகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தன, மத்தி இருக்கிறது. பையன்கள் படகைத் தள்ளத் தயாராக நின்றார்கள். மாமா தெற்கே அடிவானத்தில் கருத்திருந்த ஒரு கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாலரியின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

"இது வாராட்டாக் காத்து," என்றார். "படகை மேல ஏத்துங்கடா."